எண்ணிட்டு விற்கும் முதல் வண்டிகள்

கைத்தறிக்கும் பயிருக்கும் உரிய இவ்வேட்டில் மோட்டார் வண்டி விற்பனையைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று அங்கத்தினர்களிற் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம்மிற் பெரும்பாலோர் வாங்குவது இருசக்கர வண்டி. சிலர் சரக்கு ஏற்றும் சிறு வண்டி வாங்குவர். கார் வாங்குவோர் மிகச் சிலர். எனினும் வண்டி செய்யும் கம்பெனிகள் தம் புதுச் சரக்கைச் சந்தைக்கு விடும் முறையில் ஒரு தந்திரம் உண்டு. அதனை அறிந்தவர் முன்பணம் கட்டுமிடத்தில் நிதானம் இழக்கமாட்டார். தம் சங்கம் ஒரு புதுச் சரக்கை விற்பனைக்கு வைக்கும்போதும், அத்தந்திரத்தில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று தாமே பிரித்தறிவர். ஆகையால் இம்மாதப் பாடத்திற்கு இதனையே எடுத்துக்கொண்டோம்.

தந்திரம் இதுதான். ஒரு கம்பெனி புது மாதிரி வண்டி ஒன்றைச் செய்கிறது. அதனை எல்லோருக்கும் ஒருசேர விற்கத் தொடங்காமல், முதலில் இத்தனை வண்டிகள்தாம் என்று ஒரு தொகையை அறிவிக்கிறது. அம்முதல் வண்டிகளுக்குத் தனி நிறம், தனிப் பெயர், சில வேளைகளில் வரிசை எண் பொறித்த சிறு தகடு ஆகியன உண்டு. விலையும் பெரும்பாலும் சற்று உயர்வு. புத்தகத்திற்கு முதற்பதிப்பு என்பதுபோல் இதற்கு அறிமுகப் பதிப்பு என்று பெயர். தொகை குறைவு, ஆவலுள்ளவர் பலர், ஆகையால் முந்துவோர்க்கே கிட்டும் என்னும் பரபரப்பு எழுகிறது.

சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. பருவம் தொடங்குமுன் முதல் வரத்தாக மண்டிக்கு வரும் மாம்பழத்தின் விலையை விவசாயிகள் அறிவர். ஆனால் அந்தக் குறைவு மரம் செய்த குறைவு. இன்னும் பத்துக் கூடை வேண்டுமென்று எவர் கேட்டாலும் மரம் தராது. அறிமுகப் பதிப்பின் குறைவோ கம்பெனியார் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்மானித்த குறைவு. அவர்கள் விரும்பினால் அதை நாளைக்கே இரட்டிக்கலாம். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஜப்பான் காட்டிய மூன்று வழிகள்

தொகை வரையறுத்து விற்பதன் நன்மை தீமைகளை ஒருங்கே காண வேண்டுமானால் ஜப்பானில் நிஸ்ஸான் கம்பெனி 1987 முதல் 1991 வரை செய்து பார்த்தவற்றை ஆராய்வது நலம். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே தரமான சிறு வண்டி, சில ஆண்டுகளுக்குள் மூன்று விதமான வரையறைகள். இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது.

அக்காலத்துக் கார்கள் பெரும்பாலும் பெட்டி போன்ற கோணல்களுடன் இருந்தன. நிஸ்ஸான் தன்னிடமிருந்த மார்ச் என்னும் சாதாரணச் சிறு காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேற்கூட்டை மட்டும் பழங்காலக் கார்களைப்போல் உருண்டையாக அமைத்தது. இதற்கு பீ-1 என்று பெயரிட்டு 1985இல் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் வைத்தது. கண்டவர் விரும்பினர். 1987இல் 10,000 வண்டிகள் மட்டுமே என்று அறிவித்து விற்றது. இரண்டு மாதத்திற்குள் எல்லாவற்றிற்கும் ஆள் வந்துவிட்டது. பெரிய தொழிற்சாலையில் இப்படிப்பட்ட சிறு தொகையைச் செய்வது கட்டுப்படியாகாது. ஆகையால் தகாடா கோக்யோ என்னும் துணைத் தொழிற்சாலையில் இதனைச் செய்தனர். பெரிய ஆலையில் ஓடாத சிறு சரக்கு தறியில் ஓடும் என்பதை அறிந்த நெசவாளர்களுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விளைவு என்ன? பீ-1 வண்டியை வாங்கியவர் சிலர் உடனே விற்கத் தொடங்கினர். புது வண்டியின் விலையைக் காட்டிலும் பழைய வண்டியின் விலை மேலே ஏறியது. அந்த ஏற்றத்தில் ஒரு காசுகூடச் செய்த கம்பெனிக்கு வரவில்லை. செய்த தொழிலாளிக்கும் வரவில்லை. முந்திச் சென்று எழுதிக்கொண்டு கைமாற்றிவிட்டவனுக்கே அது போயிற்று. வியாபாரத்தில் தொகையை மட்டும் வரையறுத்தால் இடைநிற்போர் கொழுப்பர் என்பதற்கு இது நல்ல சான்று.

இதனைக் கண்ட கம்பெனியார் அடுத்த வண்டியாகிய பாவ் என்பதை 1989இல் விட்டபோது முறையை மாற்றினர். இத்தனை வண்டி என்று சொல்லவில்லை. மூன்று மாத காலத்திற்குள் எழுதிக் கொடுப்போர் அனைவர்க்கும் வண்டி உண்டு, அதன்பின் எவர்க்கும் இல்லை என்றனர். அம்மூன்று மாதத்தில் 51,657 பேர் எழுதிக் கொடுத்தனர். எல்லோருக்கும் கிடைத்தது, ஆனால் கடைசியில் எழுதியோர் நெடுநாள் காத்திருக்க நேர்ந்தது. ஐம்பதினாயிரம் வண்டி தெருவில் ஓடும்போது அதனை அரிய பொருள் என்று சொல்லிக்கொள்வதும் கடினம்.

மூன்றாவது வண்டி ஃபிகரோ. மேற்கூரையைப் பின்னால் சுருட்டி மடக்கக்கூடியது. நான்கு பருவங்களுக்கு நான்கு நிறம். 1989ஆம் ஆண்டுக் கண்காட்சியில் காட்டப்பெற்று 1991இல் விற்பனைக்கு வந்தது. முதலில் 8,000 என்றனர். கேட்டோர் தொகை மிகுதியாயிருக்கவே மேலும் 12,000 சேர்த்து 20,000 என்று உயர்த்தினர். அப்பொழுதும் போதவில்லை, ஆகையால் யாருக்கு வண்டி என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்தனர். குலுக்கல் நேர்மையான முறை. பணக்காரனுக்கும் ஏழைக்கும், பட்டணத்தானுக்கும் நாட்டுப்புறத்தானுக்கும் அதில் சமவாய்ப்பு. ஆனால் 8,000 என்று கேட்டு மகிழ்ந்தவனுக்கு 20,000 என்றபோது எப்படி இருந்திருக்கும்? இக்கேள்விக்குப் பின்னர் வருவோம்.

செய்வோர்க்கு என்ன பயன்?

வெறும் பரபரப்புக்காகவே கம்பெனிகள் இதைச் செய்கின்றன என்று எண்ணுவது பிழை. தொழிற்சாலைக்குள் இதற்கு வலுவான காரணம் உண்டு. புதிய டிசைனுக்கு அட்டை அடித்து ஜக்கார்டில் ஏற்றியபின் முதற் சேலையை நெசவாளர் எவ்வளவு கவனமாக நெய்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். எங்கே ஊடை தவறுகிறது, எந்த அட்டையில் துளை பிழை என்று பார்த்துக்கொண்டே செல்வார். அவ்வேளையில் ஒருவர் வந்து, இதே டிசைனில் பன்னிரண்டு நிறமும் ஆறு விதக் கரையும் உடனே வேண்டும் என்றால் என்ன செய்வார்? மோட்டார்த் தொழிற்சாலையின் நிலையும் அதுவே. ஒரு வண்டிக்கு நிறம், இருக்கை, சக்கரம், எஞ்சின் என்று வாங்குவோர் தெரிந்தெடுக்கக்கூடியவற்றைப் பெருக்கினால் ஆயிரக்கணக்கான விதங்கள் வந்துவிடும். புது இயந்திரமும் பழக்கமில்லாத கைகளும் சேர்ந்து வேலை தொடங்கும் மாதங்களில் ஒரே விதமாக, இரண்டு மூன்று நிறங்களில் மட்டும் செய்வது எளிது. அந்த ஒரே விதத்திற்கு அறிமுகப் பதிப்பு என்று பெயர் சூட்டிவிட்டால், தொழிற்சாலையின் வசதி வாங்குவோனுக்குச் சிறப்பாகத் தோன்றுகிறது.

டொயோட்டா கம்பெனியின் சுப்ரா இதற்கு எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த இப்பெயருடைய பந்தய வேகக் காரை 2019இல் மீண்டும் விட்டபோது, அமெரிக்காவிற்கு 1,500 வண்டிகளை மட்டும் அறிமுகப் பதிப்பாக ஒதுக்கினர். நிறம் மூன்றே: வெள்ளை, சிவப்பு, கறுப்பு. விலை 55,250 டாலர். அதே எஞ்சின் உள்ள சாதாரண வண்டியின் விலை 49,990 டாலர். ஐயாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வாங்குவோர் பெற்றது சில கூடுதல் வசதிகள், எண்ணிட்ட தகடு, முதலில் வாங்கினோம் என்னும் பெருமை.

விலையைப் படிப்படியாக இறக்குவதும் இத்தந்திரத்தின் ஓர் அங்கம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 2020 அக்டோபரில் ஹம்மர் என்னும் மின்சார வண்டியை அறிவித்தபோது முதற்பதிப்பின் விலை 1,12,595 டாலர். ஏறக்குறைய பத்து நிமிஷத்தில் அனைத்தும் பதிவாகிவிட்டன. அதே நாளில் கம்பெனி வெளியிட்ட திட்டத்தில், ஆண்டுக்கு ஆண்டு குறைந்த விலை வண்டிகள் வரும் என்றும், 2024இல் 79,995 டாலருக்கு ஒன்று வரும் என்றும் இருந்தது. அஃதாவது, பொறுக்கமாட்டாதவரிடம் அதிகம், பொறுத்திருப்பவரிடம் குறைவு. பாலில் முதலில் ஏட்டை எடுத்துக்கொண்டு பின்னர் பாலை விற்பது போன்றது. இதில் ஒளிவுமறைவு இல்லையாகையால் இதனை மோசடி என்று சொல்ல மாட்டோம்.

அடுத்தது செய்தி. முதல் எண்ணுடைய வண்டியை ஏலம் விடுவது வழக்கமாகிவிட்டது. சுப்ராவின் முதல் வண்டி 2019 ஜனவரியில் அமெரிக்காவின் அரிசோனாவில் 21 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஹம்மரின் முதல் வண்டி 2021 மார்ச்சில் 25 லட்சம் டாலருக்குப் போயிற்று. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனியார் 2020இல் புது தார் வண்டியின் முதல் எண்ணை ஏலத்தில் விட 1 கோடியே 11 லட்சம் ரூபாய் வந்தது. கம்பெனியும் அதே அளவு பணம் சேர்த்தது. இப்பணங்கள் எல்லாம் தருமத்திற்கே சென்றன. தருமத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்த ஏலச் செய்தியை வெளியிடாத பத்திரிகை இல்லை என்பதையும், அத்தனை பத்திரிகைகளிலும் அவ்வளவு இடத்தை விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்பதையும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் அங்கத்தினர்கள்.

முன்பணத்தின் அளவு பேசும்

முன்பணம் எவ்வளவு என்பதைக் கொண்டே கம்பெனிக்கு வேண்டியது பணமா, தலைக்கணக்கா என்று கண்டுகொள்ளலாம். இது இப்பாடத்தில் மிக முக்கியமான பகுதி என்பது நமது கருத்து.

டெஸ்லா கம்பெனி தன் மாடல் எஸ் காரை 2012 ஜூனில் கொடுக்கத் தொடங்குமுன், அமெரிக்காவில் முதல் 1,000 வண்டிகளைச் சிறப்புப் பதிப்பாக ஒதுக்கி, ஒவ்வொன்றுக்கும் 40,000 டாலர் முன்பணம் கேட்டது. சாதாரண வண்டிக்குப் பதிவுத் தொகை 5,000 டாலர்தான். ஆயிரம் பேர் நாற்பதினாயிரம் கட்டினால் 4 கோடி டாலர் ஆகிறது. அக்கம்பெனியின் 2010ஆம் ஆண்டு மொத்த வரவே ஏறக்குறைய 11 கோடியே 70 லட்சம் டாலர். ஆகவே அந்த முன்பணம் உண்மையில் ஒரு கடன், வட்டியில்லாத கடன். கடன் கொடுத்தவர்களோ வங்கியாரல்லர், வண்டி வாங்க வந்தவர்கள். கடன் சங்கத்தில் ஒரு ரூபாய்க்கும் பத்திரமும் ஜாமீனும் கேட்டுப் பழகிய நமக்கு, ஜாமீன் எதுவுமின்றி இவ்வளவு பெருந்தொகை கைமாறியது வியப்பாகத்தான் இருக்கிறது. அக்கம்பெனி வண்டிகளைக் கொடுத்துவிட்டது. ஆகையால் எவர்க்கும் நஷ்டமில்லை. கொடுக்க முடியாமற் போயிருந்தால் அம்முன்பணக்காரர்கள் கடன்காரர் வரிசையில் எங்கே நின்றிருப்பார்கள் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, போர்டு கம்பெனி 2020 ஜூலையில் பிராங்கோ வண்டியை அறிவித்தபோது பதிவுக்குக் கேட்டது 100 டாலர். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கப்படும் பணம். போர்டு போன்ற பெருங்கம்பெனிக்கு இந்த நூறு டாலர்கள் எம்மூலைக்கும் போதா. அவர்கள் வாங்கியது பணத்தையன்று, எண்ணிக்கையை. எத்தனை பேர் விரும்புகின்றனர், எந்த ஊரில் விரும்புகின்றனர், எந்த நிறம், எந்த விலை என்பனவற்றை வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்படுமுன் அறிந்துகொண்டனர். நெய்து அடுக்கியபின் விலைபோகாமல் சரக்கறையில் தங்கிய சேலைகளை ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் பார்த்திருக்கும் சங்க நிர்வாகிகள் இந்த அறிவின் மதிப்பை நன்கு உணர்வர்.

ஆயினும் பதிவு வேறு, விற்பனை வேறு. 2022 ஜூலை 30ஆம் நாள் மஹிந்திராவின் ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்குப் பதிவு தொடங்கிய ஒரு நிமிஷத்தில் 25,000 பேரும், அரை மணியில் 1,00,000 பேரும் பதிந்தனர். அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும் என்று சொல்லப்பட்டிருந்ததே அந்த ஒரு நிமிஷ நெருக்கத்திற்குக் காரணம். திருப்பிக் கிடைக்கக்கூடிய 21,000 ரூபாயைக் கட்டிவிட்டுப் பின்னர் யோசிப்போம் என்று பதிந்தவர்களும் அவர்களுள் இருப்பர். நிமிஷக் கணக்கைக் கேட்டு மயங்குவோர் இதையும் கருதவேண்டும்.

சொன்ன எண்ணும் சொல்லாத வாக்கும்

இனி ஃபிகரோவிடம் நிறுத்தி வைத்த கேள்விக்கு வருவோம். அறிவித்த தொகையைப் பின்னர் உயர்த்தலாமா?

பிராங்கோவின் முதற்பதிப்பு 3,500 வண்டிகள் என்று அறிவிக்கப்பட்டது. சில மணி நேரத்தில் பதிவு முடிந்துவிட்டது. உடனே கம்பெனி அதனை 7,000 ஆக்கியது. டாட்டா கம்பெனியார் 2022 செப்டம்பரில் தியாகோ மின்சாரக் காரை வெளியிட்டபோது 8 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய் முதலான அறிமுக விலை முதல் 10,000 பேருக்கு என்றனர். பதிவு திறந்த ஒரே நாளில் பத்தாயிரமும் நிறைந்தது. அவர்களும் அதனை 20,000 ஆக்கினர். இருபதினாயிரமும் நிறைந்தபின் 2023 பிப்ரவரியில் விலையை உயர்த்தினர்.

இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. தியாகோவில் வரையறுக்கப்பட்டது விலை. அடுத்த பத்தாயிரம் பேருக்கும் அதே விலை கிடைத்ததால் முதலில் பதிந்தவனுக்கு எவ்விதக் குறைவும் இல்லை. அவன் வண்டி முன்னதாகவே வருகிறது, விலையும் சொன்னபடியே. பிராங்கோவில் வரையறுக்கப்பட்டது வண்டியின் தொகை. அங்கே விற்கப்பட்ட பொருளே அருமைதான். மூவாயிரத்து ஐந்நூற்றில் ஒன்று என்று எண்ணிப் பதிந்தவனிடம் ஏழாயிரத்தில் ஒன்றைக் கொடுப்பது, எண்பது நம்பர் நூல் என்று சொல்லி அறுபதாம் நம்பர் நூலில் நெய்து கொடுப்பதைப் போன்றது. வேட்டி வேட்டிதான், சொன்னது அதுவன்று. பணம் திருப்பிக் கிடைக்குமாகையால் சட்டப்படி குற்றமில்லை. ஆயினும் இரண்டாம் முறை அக்கம்பெனி ஓர் எண்ணைச் சொல்லும்போது கேட்பவன் முதல் முறைபோல் நம்பமாட்டான்.

எண்ணைக் காப்பாற்றியும் மனத்தாங்கல் உண்டான ஒரு நிகழ்ச்சி நம் சென்னையைச் சேர்ந்தது. ராயல் என்ஃபீல்டு கம்பெனி 2018இல் கிளாசிக் 500 மோட்டார் சைக்கிளில் பெகாசஸ் என்னும் தனிப் பதிப்பை வெளியிட்டது. இது புது வண்டியின் அறிமுகமன்று. பழைய மாதிரியின் தனிப் பதிப்பே. எனினும் தந்திரம் அதுவேயாகையால் இங்குச் சேர்த்துக்கொண்டோம். இரண்டாம் உலகப் போரில் ஆகாயப் படையினருடன் பாராசூட்டில் இறக்கப்பட்ட பறக்கும் தெள்ளுப்பூச்சி என்ற பட்டப்பெயருடைய சிறு மோட்டார் சைக்கிளின் நினைவாக அதற்குப் பட்டாள நிறமும் கித்தான் பைகளும் அளித்திருந்தனர். உலகம் முழுமைக்கும் 1,000. அவற்றுள் இந்தியாவிற்கு 250. பெட்ரோல் டாங்கியில் வரிசை எண். 2018 ஜூலை 25ஆம் நாள் 178 வினாடியில் 250உம் விற்றுவிட்டன. ஓர் எண்ணும் கூட்டப்படவில்லை.

அடுத்த மாதமே அக்கம்பெனி சிக்னல்ஸ் என்னும் பெயரில், பட்டாளத் தோற்றமுடைய கிளாசிக் 350 வண்டியொன்றை வெளியிட்டது. அது எண்ணிக்கைக்கு உட்பட்டதன்று, எவரும் வாங்கலாம், விலையும் குறைவு. அதற்கும் மேலாக அதில் ஏ.பி.எஸ். இருந்தது. நிலைதடுமாறும் வேகத்தில் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு அது. பெகாசஸ் வண்டியில் அஃது இல்லை. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் அவ்வமைப்பு 2019 ஏப்ரல் முதல் இருந்தே தீரவேண்டும் என்று சட்டமும் காத்திருந்தது. பெகாசஸ் வாங்கியோரிற் சிலர் கொதித்தனர். தம் வண்டிகளின் கித்தான் பைகளில் குப்பையை நிரப்பி எதிர்ப்புக் காட்டியதாகச் செய்திகள் வந்தன.

கம்பெனியின் பக்கத்தில் சொல்லக்கூடியது இதுதான்: ஆயிரம் என்றார்கள், ஆயிரமே செய்தார்கள், ஏ.பி.எஸ். உண்டு என்று எங்கும் சொல்லவில்லை. உண்மை. ஆனால் எண்ணைச் சொல்லி அதிக விலைக்கு விற்கும்போது, அடுத்த மாதம் இதைவிட நல்லதொன்று குறைந்த விலைக்கு வராது என்னும் வாக்கும் வாய்திறவாமலே கொடுக்கப்பட்டுவிடுகிறது. வாங்கியோர் நம்பியது அதனை. ஒரு சேலையை இவ்வகையில் இருபதே என்று சொல்லி விற்றுவிட்டு, அதே கரையைச் சிறிது மாற்றி மறுமாதம் தள்ளுபடிக்கு வைக்கும் கடையின் மேல் வாடிக்கைக்காரர் கொள்ளும் கோபமும் இத்தகையதே.

முதலில் வாங்குவோர் சோதனை செய்வோரும் ஆவர்

மேலே சொன்னவற்றிற்கு அப்பால், முதல் வண்டியை வாங்குவோர்க்கு மற்றொரு பொறுப்பு அறியாமலே வந்து சேர்கிறது. வோல்க்ஸ்வாகன் கம்பெனி 2019 மே 8ஆம் நாள் ஐ.டி.3 என்னும் மின்சாரக் காரின் முதற்பதிப்புக்குப் பதிவு திறந்தது. தொகை 30,000, பதிவுப் பணம் 1,000 யூரோ, விலை 40,000 யூரோவிற்குள், ஓர் ஆண்டுக்கு 2,000 யூனிட் வரை இலவச மின்சாரம். முதல் 24 மணி நேரத்தில் 10,000 பேர் பதிந்தனர். செப்டம்பரில் முப்பதாயிரமும் நிறைந்தது. நவம்பரில் ஜெர்மனியின் ஸ்விக்காவ் நகரத் தொழிற்சாலையில் வேலை தொடங்கியது. ஆனால் காரை இயக்கும் கணிப்பொறி நிரல்கள் முற்றுப்பெறவில்லை. செய்த கார்கள் கொட்டகைகளிலும் மைதானங்களிலும் நின்றன. 2020 செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கியபோதும் இரண்டு வசதிகள் பின்னர்தான் சேர்க்கப்படும் என்ற நிபந்தனையோடே கொடுத்தனர். அப்படியே பெற்றுக்கொள்ள இசைந்தோர்க்கு மூன்று மாத வாடகைத் தவணையைத் தள்ளிக் கொடுத்தனர். பொறுத்திருந்து முழுமையாகப் பெறுகிறோம் என்றவர்க்கு அவ்வாறே செய்தனர்.

இதில் கம்பெனி நடந்துகொண்ட முறையை நாம் பாராட்டுகிறோம். குறையை முன்னரே சொல்லி, இரு வழிகளைக் காட்டி, தெரிந்தெடுக்கும் உரிமையை வாங்குவோனுக்கு விட்டனர். ஆயினும் முதல் முப்பதினாயிரம் பேர் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து பெற்றது முடிவுறாத சரக்கு என்பதும், பின்னர் வந்தவர்கள் அந்தத் தொல்லையின்றி வாங்கினர் என்பதும் மறுக்கவொண்ணாதவை.

தொகையின்றித் தேதியால் வரையறுக்கும் முறைக்கு இங்கேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஓசூரில் பின்னர்த் தொழிற்சாலை அமைத்த ஏதர் கம்பெனி, 450 எக்ஸ் என்னும் மின்சார ஸ்கூட்டரை 2020 ஜனவரி 28ஆம் நாள் வெளியிட்டது. விலையும் விவரமும் அறியுமுன்னரே நம்பிப் பதிந்தவர்க்கு மட்டும், உள்ளிருக்கும் சட்டம் தெரியும்படியான ஒளி ஊடுருவும் பக்கத் தகடுகளுடன் தனிப் பதிப்பு அளித்தது. தேதி போனால் போனதுதான். எவராலும் அதனை நீட்ட முடியாது. எண்ணைக் கூட்டினார்கள் என்னும் குற்றச்சாட்டுக்கு இதில் இடமே இல்லை. நம்பியவனுக்குப் பரிசு என்னும் இம்முறை மற்றவற்றிலும் மேலானது என்று நமக்குத் தோன்றுகிறது.

கைமாற்றி லாபம் அடிப்போரைத் தடுக்கவும் கம்பெனிகள் முயன்றதுண்டு. போர்டு கம்பெனியின் ஜி.டி. என்னும் மிக விலையுயர்ந்த காருக்கு 2016இல் முதல் 500 வண்டிகளுக்கு 6,506 பேர் விண்ணப்பித்தனர். விண்ணப்பித்தோர் யார், வண்டியை உண்மையில் ஓட்டுவாரா என்றெல்லாம் ஆராய்ந்தே கொடுத்தனர். இரண்டு ஆண்டுகள் விற்கலாகாது என்று ஒப்பந்தமும் எழுதிக்கொண்டனர். புகழ்பெற்ற மல்யுத்த வீரர் ஒருவர் விரைவில் விற்றுவிடவே கம்பெனி 2017இல் வழக்குத் தொடுத்தது; 2018இல் சமரசம் ஆயிற்று. ஒப்பந்தம் எழுதுவதும் வழக்காடுவதும் பெருங்கம்பெனிக்கு இயலும். சிறிய சங்கத்திற்கு அது கட்டாது.

சங்கங்களுக்கு இயன்றது வேறு. தியாகோ விற்பனையில் ஒரு சிறு விவரத்தைப் பலர் கவனிக்கவில்லை. முதல் பத்தாயிரத்தில் 2,000 வண்டிகளை அக்கம்பெனி தன்னிடம் ஏற்கெனவே மின்சாரக் கார் வாங்கியிருந்தவர்களுக்கென்று ஒதுக்கியது. பழைய வாடிக்கைக்காரர் ஒரு நிமிஷப் பந்தயத்தில் ஓடவேண்டியதில்லை. ஒரு நெசவாளர் சங்கம் புதிய கரையில் அறுபது சேலைகள் நெய்ய எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் பன்னிரண்டை, சென்ற ஆண்டு விற்பனைப் பேரேட்டில் பெயருள்ளவர்களுக்கு முதலில் காட்டலாம். அவர்கள் எதை எடுத்தனர், எந்த நிறத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தனர் என்று குறித்துக்கொண்ட பிறகு மீதிப் பாவுகளுக்குச் சாயம் போடலாம். அறுபது என்று விலைச்சீட்டில் அச்சிடுவதாயின், அதற்கு முன்பே நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் அறுபது என்று எழுதி, அந்த அட்டைகளை மறுபடி எப்பொழுது ஜக்கார்டில் ஏற்றலாம் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதி வைக்கவேண்டும். அச்சிட விருப்பமில்லையாயின் ஏதர் கம்பெனியார் செய்ததுபோல் தேதியை மட்டும் சொல்லலாம்: தைப் பொங்கலுக்குள் எழுதிக் கொடுப்போர்க்கு இக்கரை, அதன்பின் இல்லை என்று.

படிப்பு வட்டங்களில் இதனை ஆராயும்போது, முன்பணம் வாங்குவதா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு எழும். வாங்கினால் நூலுக்கும் ஜரிகைக்கும் உதவும். தறியில் தாமதம் ஏற்பட்டால் கடிதம் எழுதிச் சமாதானம் சொல்லும் பொறுப்பும் காரியதரிசிக்கு வரும். வாங்குவதாயின் ரசீதின் முகப்பிலேயே இரண்டு வரி இருக்கட்டும்: எந்தத் தேதிக்குள் சரக்கு கிடைக்கும், கிடைக்காவிடில் எத்தனை நாளில் பணம் திரும்பும். அவ்விரண்டு வரிகளையும், நாம் ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டும்போது அவர்கள் கொடுக்கும் ரசீதிலும் தேடிப் படிக்கலாம்.